ஒங்கோல் சபை: ஒரு பாப்டிஸ்ட் திருச்சபையும் மாதிகர் எடுத்த முடிவும்



சேரி மக்கள் மதம் மாறிய வரலாற்றைப் பேசத் தொடங்கினால் நம் முன்னே இரண்டு கதைகள் வந்து நிற்கும். வெள்ளைக்கார மிஷனரி வந்து இருளில் கிடந்தவர்களைக் கைதூக்கி விட்டார் என்பது ஒன்று. பஞ்சகாலத்துக் கஞ்சிக்கு ஆசைப்பட்டுச் சாமியை மாற்றிக்கொண்டார்கள் என்பது மற்றொன்று. முதல் கதையைத் திருச்சபையின் வரலாற்று மலர்கள் சொல்கின்றன. இரண்டாவதை மதமாற்றத் தடைச்சட்டம் கேட்பவர்கள் சொல்கிறார்கள். ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தெரிந்தாலும் இரண்டுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டிலும் நம் மக்கள் சிந்திப்பதில்லை, முடிவெடுப்பதில்லை. ஒன்றில் அவர்கள் தூக்கிவிடப்படுகிறார்கள், மற்றொன்றில் விலைக்கு வாங்கப்படுகிறார்கள்.

இந்த இரண்டு கதைகளையும் சோதித்துப் பார்க்க, ஓர் ஊர்ச் சபையின் வரலாற்றை இன்று எடுத்துக்கொள்வோம். ஆந்திரத்தில் பிரகாசம் மாவட்டத்தின் தலைநகரான ஒங்கோலில் உள்ள ஜூவெட் நினைவு பாப்டிஸ்ட் திருச்சபைதான் அது. 1867இல் எட்டுப்பேரோடு தொடங்கிய ஒங்கோல் சபையின் மரபில் நிற்கும் ஆலயம். ஒரு காலத்தில் உலகிலேயே அதிக உறுப்பினர்களைக் கொண்ட பாப்டிஸ்ட் சபை என்று பெயர் பெற்றது. அந்த உறுப்பினர்களில் மிகப்பெரும்பாலோர் மாதிகர்.

தெலுங்கு நாட்டுக் கதை நமக்கெதற்கு என்று கேட்கலாம். அன்று ஒங்கோல் சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது. நம் பாட்டிமார் தாது வருடப் பஞ்சம் என்று சொன்ன அதே பஞ்சந்தான் ஒங்கோலையும் வாட்டியது. சென்னை நகருக்குள் இன்று சாக்கடையாகக் கிடக்கும் பக்கிங்காம் கால்வாய்தான் இந்தக் கதையின் நடுவிலும் ஓடுகிறது. மாதிகர் தோலும் தப்பும் சுமத்தப்பட்ட மக்கள். வீட்டில் தெலுங்கு பேசும் நம் அருந்ததியர் பலருக்கும் அவர்களுக்கும் மொழியும் தொழிலும் இழிவும் ஒன்று.

ஒற்றை நட்சத்திரம்

அமெரிக்க பாப்டிஸ்டுகளின் தெலுங்கு மிஷன் சாமுவேல் டே என்பவரோடு தொடங்கியது. 1836இல் இந்தியா வந்த அவர் 1840இல் நெல்லூரில் நிலைகொண்டார். ஆண்டுகள் ஓடின, ஆள் சேரவில்லை. அவர்கள் முதலில் அணுக விரும்பியது மேல்சாதியாரை. அவர்கள் விவாதம் செய்தார்கள், துண்டுப்பிரசுரம் வாங்கினார்கள், வீட்டுக்குப் போனார்கள். 1853இல் அமெரிக்காவின் ஆல்பனி நகரில் கூடிய மிஷன் கூட்டத்தில் இந்த வேலையை மூடிவிடலாமா என்ற கேள்வி எழுந்தது. வரைபடத்தில் தெலுங்கு நாட்டுக்கு நேரே ஒரே ஒரு நட்சத்திரம் இருந்ததைச் சுட்டி ஒருவர் பேச, அதிலிருந்து இந்த மிஷனுக்கு ஒற்றை நட்சத்திரம் என்ற பெயர் நிலைத்தது. மூடவில்லை.

1854ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் அதிகாலையில் ஒங்கோலை ஒட்டிய ஒரு குன்றின்மேல் ஐந்துபேர் ஏறி ஜெபம் செய்தார்கள். லைமன் ஜூவெட் என்ற மிஷனரியும் அவர் மனைவியும் இருவர். மற்ற மூவர் இந்தியர்: கிறிஸ்டியன் நர்சு, ஜூலியா, ரூத். ஒங்கோல் மக்கள் அதை இன்றும் ஜெபமலை என்கிறார்கள். ஆலயத்துக்கு ஜூவெட்டின் பெயர் இருக்கிறது. ஜூலியா, ரூத் என்ற இரண்டு பெண்களின் பெயரைத் தேடித்தான் படிக்கவேண்டியிருக்கிறது.

பேரய்யா வந்த வழி

ஜான் கிளஃப் என்ற இளம் மிஷனரி 1865இல் இந்தியா வந்து அடுத்த ஆண்டு ஒங்கோலில் குடியேறினார். சபையின் வரலாற்றை அவரிலிருந்து தொடங்குவது வழக்கம். நாம் எர்ரகுண்ட்ல பேரய்யாவிலிருந்து தொடங்கவேண்டும்.

பேரய்யா தல்லகொண்டபாடு என்ற ஊரைச் சேர்ந்த மாதிகர், தோல் வியாபாரி. கிளஃப் வருவதற்கு முன்பே ஆன்மிகத் தேடலில் இருந்தவர். ராஜயோக மரபில் ஒரு பெண் குருவிடம் பாடம் கேட்டவர். அந்நாளில் தெலுங்கு மாதிகரிடையே இத்தகைய குருமரபுகள் வேரூன்றியிருந்தன. போதுலூரி வீரபிரம்மத்தின் சீடர்களில் ஒருவரான கக்கய்யா செருப்புத் தைக்கும் மாதிகர் என்பது அந்த மக்களின் நினைவில் நிலைத்த செய்தி. உருவ வழிபாட்டையும் பிறப்பால் வரும் உயர்வு தாழ்வையும் கேள்வி கேட்ட மரபு அது.

தோல் வியாபாரத்துக்காக வடக்கே ஏலூர்ப் பக்கம் போன பேரய்யா அங்கே கிறித்தவச் செய்தியைக் கேட்டார். ஒங்கோலுக்கு ஒரு மிஷனரி வரப்போகிறார் என்ற தகவலும் அங்கே கிடைத்தது. தேடிப்போய்ச் சேர்ந்தவர் அவர்தான். 1866இல் அவருக்கும் அவருடைய மனைவி நாகம்மாவுக்கும் திருமுழுக்கு நடந்தது. ஊர் திரும்பிய பேரய்யா சேரி சேரியாக நடந்தார். உறவுமுறை வழியாகவும் சந்தை வழியாகவும் செய்தி பரவியது. 1867 சனவரியில் கிளஃப் தல்லகொண்டபாடு போனபோது முழுக்குப் பெறத் தயாராக ஒரு கூட்டமே காத்திருந்தது. அன்று 28 பேர் முழுக்குப் பெற்றார்கள். மாதிகரை மாதிகர்தான் மாற்றினார்கள் என்று இதற்குப் பொருள். மிஷனரிக்குத் தெலுங்கு சரியாக வருவதற்குள் இயக்கம் தொடங்கிவிட்டது.

இரண்டில் ஒன்று

ஒங்கோலின் மேல்சாதியார் தொடக்கத்தில் கிளஃபோடு நட்பாகவே இருந்தார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஆனால் மாதிகரைச் சேர்த்துக்கொண்டால் நாங்கள் வரமாட்டோம் என்று தெளிவாகச் சொன்னார்கள். செல்வமும் செல்வாக்கும் உள்ளவர்களா, ஊருக்கு வெளியே இருப்பவர்களா என்ற கேள்வி முன்னே வந்து நின்றது. அன்று கணவனும் மனைவியும் தனித்தனி அறையில் வேதத்தைத் திறந்தபோது கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் முதல் அதிகாரமே இருவர் கண்ணிலும் பட்டது என்று கிளஃப் பிற்காலத்தில் எழுதினார். ஞானிகளையும் வலியவர்களையும் விட்டுவிட்டு அற்பமாக எண்ணப்பட்டவர்களைக் கடவுள் தெரிந்துகொண்டார் என்று பவுல் சொல்லும் பகுதி அது.

இந்த நிகழ்ச்சியைத் தெய்வச்செயல் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். மேல்சாதியாரை முதலில் பிடித்தால் மற்றவர்கள் தாமாக வருவார்கள் என்பது பல மிஷன்களின் கணக்கு. அந்தக் கணக்கு ஒங்கோலில் கைவிடப்பட்டது. கைவிடவைத்தது வாசலில் வந்து நின்ற மாதிகரின் கூட்டம்.

மூன்று கட்டளைகள்

முழுக்குப் பெற்றவர்கள் ஊர் திரும்பும்போது அவர்களுக்கு எளிய மூன்று கட்டளைகள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக்கூடாது. செத்த மாட்டின் இறைச்சியைத் தின்னக்கூடாது. விக்கிரகங்களை வணங்கக்கூடாது.

இவை பக்தி விதிகளாகத் தோன்றும். ஒரு தெலுங்குக் கிராமத்தின் உழைப்பு அமைப்புக்குள் வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு கயிற்றை அறுப்பது புரியும்.

மாதிகர் நிலக்காரரின் வீட்டோடு கட்டப்பட்டவர்கள். செருப்பும் கமலைக்குத் தோலும் செய்து கொடுக்கவேண்டும். அறுவடையில் கூப்பிட்டபோது இறங்கவேண்டும். நாள் கிழமை பார்க்கும் உரிமை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வரமாட்டோம் என்று சொன்னபோது, எங்கள் நாள்களில் ஒன்று எங்களுடையது என்று அவர்கள் சொன்னார்கள். வார விடுமுறை என்ற சொல்லே அந்த வயல்களுக்குத் தெரியாத காலம் அது.

செத்த மாடு மாதிகரின் கூலியில் ஒரு பங்கு. தூக்கிப்போடுவது அவர்கள் கடமை, தின்பது அவர்கள் உரிமை என்று ஊர் வைத்திருந்தது. அதைத் தின்பதாலேயே தீண்டத்தகாதவர் என்றும் சொல்லிவைத்திருந்தது. தின்ன மறுத்தபோது அந்த வாதத்தின் ஒரு கால் ஒடிந்தது. ஏறக்குறைய 60 ஆண்டுகள் கழித்து, 1927இல் மகாட் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் செத்த மாட்டிறைச்சியை விடுங்கள் என்று தம் மக்களை அழைத்ததை இங்கே நினைத்துப் பார்க்கலாம். பசி தெரிந்த மக்கள் உணவை மறுப்பது சாதாரண முடிவு அன்று.

மூன்றாவது கட்டளையால் நின்றுபோனது தப்பு. ஊர்த்தேவதையின் திருவிழாவில் தப்படிப்பது மாதிகரின் மீது விதிக்கப்பட்ட வேலை. விக்கிரக வழிபாட்டில் பங்கில்லை என்றவுடன் தப்படிக்கவும் ஆளில்லை. திருவிழா முடங்கியது.

ஊர் சும்மா இருக்கவில்லை. கிறித்தவ மாதிகர்களுக்கு வேலை நிறுத்தப்பட்டது. கடைகளில் சரக்கு மறுக்கப்பட்டது. நீர்நிலைகள் அடைக்கப்பட்டன. அடி விழுந்தது, பொய் வழக்கும் வந்தது. மதம் மாறியதற்காக வந்த கோபமாக மட்டும் இதைப் பார்க்க முடியாது. வெட்டிவேலைக்கு ஆள் குறைந்ததற்கு வந்த கோபமும் இதில் உண்டு. ஒரு மனிதன் எந்தச் சாமியைக் கும்பிடுகிறான் என்பதைவிட, கூப்பிட்டால் வருகிறானா என்பதுதான் ஆண்டைகளின் கேள்வியாக இருந்தது.

கால்வாயும் பஞ்சமும்

இப்போது கஞ்சிக் கதைக்கு வருவோம். 1876இல் மழை பொய்த்தது. 1878 வரை நீடித்த பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் பல இலட்சம் பேர் மடிந்தார்கள். அரசு நிவாரண வேலையாக பக்கிங்காம் கால்வாயை வெட்டியது. கிளஃப் இளமையில் அமெரிக்காவில் நில அளவைக் குழுவில் வேலை செய்தவர். ஒங்கோல் பக்கத்தில் சுமார் மூன்றரை மைல் நீளத்துக்குக் கால்வாய் வெட்டும் ஒப்பந்தத்தை அவர் எடுத்தார். நிவாரண வேலைத்தளங்களில் சாதிக் கண்காணிகள் தீண்டப்படாத மக்களை அடிப்பதும் கூலியைப் பிடுங்குவதும் நடந்தன. கிளஃபின் தளத்தில் கண்காணிகளாக நின்றவர்கள் சபையின் ஊழியர்கள். மாதிகர் வேலையில் மாதிகரே மேற்பார்வை பார்த்தார்கள். கூலி கைக்கு வந்தது. மண் சுமந்தபடியே பேச்சும் கேட்டார்கள்.

முழுக்குக் கேட்டு வந்தவர்கள் ஏராளம். கிளஃப் மறுத்தார். கூலிக்காக வந்தார்கள் என்ற பழி வரும் என்று அஞ்சி, பஞ்ச நிவாரணம் நடந்த சுமார் 15 மாதம் ஒருவருக்கும் முழுக்குக் கொடுக்கவில்லை. 1878 சூன் மாதம் நிவாரண வேலை முடிந்து கொடுப்பதற்கு ஒன்றும் இல்லாத நிலையில், குண்ட்லகம்மா ஆற்றங்கரையில் வெல்லம்பள்ளியில் மக்கள் திரண்டு நின்றார்கள். நிதி தீர்ந்துவிட்டது, ஊருக்குப் போங்கள் என்றார். உதவி கேட்டு வரவில்லை, எங்களைச் சபையில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதே அவர்களின் பதில். இவர்களை இன்னும் காக்கவைத்தால் கத்தோலிக்க மிஷன் சேர்த்துக்கொள்ளும் என்ற கவலையும் அவருக்கு இருந்தது. அதையும் மறைக்கவேண்டியதில்லை.

1878 சூலை 3ஆம் நாள் ஒரே நாளில் 2,222 பேர் முழுக்குப் பெற்றார்கள். ஆறு தெலுங்குப் போதகர்கள், ஒரு நேரத்தில் இருவராக ஆற்றில் நின்று, களைத்தவரை மற்றவர் மாற்றி, காலைமுதல் மாலைவரை முழுக்குக் கொடுத்தார்கள். கிளஃப் அன்று ஒருவருக்கும் முழுக்குக் கொடுக்கவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் சேர்ந்தவர்கள் 9,606 பேர். சபையின் உறுப்பினர் தொகை 12,000ஐத் தாண்டியது.

பஞ்சத்துக்கும் மதமாற்றத்துக்கும் தொடர்பே இல்லை என்று நாம் வாதிடவேண்டியதில்லை. தொடர்பு உண்டு. பஞ்சத்தில் ஊர் தங்களை எப்படி நடத்தியது, இந்தச் சபை எப்படி நடத்தியது என்பதை மக்கள் கண்ணால் பார்த்தார்கள். பார்த்ததை வைத்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். கஞ்சிக்காக வருபவர்கள் கஞ்சி இருக்கும்போது வருவார்கள். தீர்ந்தபிறகு ஆயிரக்கணக்கில் வரமாட்டார்கள்.

சபை நம்பியது என்ன

பாப்டிஸ்ட் மரபு 1609இல் ஆம்ஸ்டர்டாமில் அடைக்கலம் புகுந்த ஜான் ஸ்மித் என்ற ஆங்கிலேயரின் சிறு குழுவோடு தொடங்குகிறது. அவரோடிருந்த தாமஸ் ஹெல்விஸ் நாடு திரும்பி, மனச்சாட்சியின்மேல் மன்னனுக்கு அதிகாரமில்லை என்று எழுதி, சிறையில் மாண்டார். அரசின் மதத்துக்கு அடங்க மறுத்தவர்களின் மரபு இது. அதன் அடிப்படை நம்பிக்கைகளில் நான்கைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

முதலாவது, விசுவாசிகளின் திருமுழுக்கு. குழந்தைக்குத் தண்ணீர் தெளிப்பதை பாப்டிஸ்டுகள் ஏற்பதில்லை. அறிவு வந்தவர் தாமே அறிக்கை செய்து, முழுவதும் தண்ணீரில் மூழ்கி எழவேண்டும். பிறப்பால் யாரும் கிறித்தவராவதில்லை என்பது இதன் உட்பொருள். பிறப்பே எல்லாம் என்று விதித்த ஒரு சமூகத்தில் இந்தக் கொள்கைக்கு இருந்த கூர்மையை மாதிகர் உடனே கண்டுகொண்டார்கள். அவர்களைத் தொட்டால் தீட்டு என்ற நாட்டில், ஆற்று நடுவில் ஒருவர் அவர்களைக் கைகளில் தாங்கி மூழ்கடித்துத் தூக்கினார். பெயர் சொல்லித் தூக்கினார்.

இரண்டாவது, எல்லா விசுவாசிகளும் ஆசாரியர்கள். கடவுளுக்கும் மனிதனுக்கும் நடுவே பிறப்பால் உரிமை பெற்ற இடைத்தரகர் இல்லை. செருப்புத் தைத்தவர்கள் போதகர்களானார்கள். ஆற்றில் நின்ற போதகர்கள் அங்கிருந்து உருவானவர்கள்.

மூன்றாவது, ஊர்ச் சபையின் தன்னாட்சி. பாப்டிஸ்டுகளுக்குப் பேராயர் கிடையாது. உறுப்பினர்கள் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். புதிய உறுப்பினரைச் சேர்ப்பதும் போதகரை அழைப்பதும் கூட்டத்தின் உரிமை. ஒங்கோலில் இது மாதிகரின் பழைய பஞ்சாயத்து முறையோடு இணைந்தது. சேரிப் பெரியவர்கள் கூடித் தீர்மானிக்கும் வழக்கத்தைக் கிளஃப் கலைக்கவில்லை. மேலைநாட்டுச் சபையின் அச்சில் அவர்களை வார்க்கவில்லை என்று அவர்மீது குறைசொன்னவர்கள் உண்டு.

நான்காவது, கர்த்தருடைய பந்தி. முழுக்கும் பந்தியும் பாப்டிஸ்டுகளின் இரண்டு நியமங்கள். சேர்ந்து உண்பதுதான் சாதி மிக அஞ்சும் செயல் என்பதை இந்த அரங்குக்கு விளக்கவேண்டியதில்லை.

இந்த நம்பிக்கைகளைத் தாங்கிய மக்கள் விரைவிலேயே தாங்களும் அனுப்புகிறவர்களானார்கள். தெலுங்கு பாப்டிஸ்டுகளின் உள்நாட்டு மிஷன் சங்கம் 1903இல் ஜான் ரங்கய்யா என்பவரைத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு அனுப்பியது. தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழன்ற தெலுங்கு மக்களிடையே அவர் சபையை நிறுவினார்.

கொள்கை மட்டும் போதாது

இத்தனை சொன்னபிறகு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இதே வேதம், இதே முழுக்கு, இதே தன்னாட்சி கொண்ட அமெரிக்கத் தென்மாநில பாப்டிஸ்டுகள் 1845இல் தனி அமைப்பாகப் பிரிந்துபோனார்கள். அடிமைகளை வைத்திருப்பவர் மிஷனரியாகலாமா என்ற சச்சரவில், ஆகலாம் என்றது தென் தரப்பு. தெலுங்கு மிஷனை நடத்தியது வடபகுதி. ஆக, ஒரு நம்பிக்கை அறிக்கை தானாக யாரையும் விடுவிப்பதில்லை. அதை யார் கையில் எடுக்கிறார்கள், எதற்காக எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

வேறொரு தொடர்பும் உண்டு. கிளஃபின் இரண்டாம் மனைவி எம்மா ராஷன்புஷ், மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றவர். 1899இல் மாதிகர் வாழ்வைப் பற்றித் தனி நூலே எழுதினார். பேரய்யாவின் பழைய குருமரபு பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி அவர் திரட்டியது. அவருடைய தம்பி வால்டர் ராஷன்புஷ், சமூக நற்செய்தி இறையியலின் முதன்மைச் சிந்தனையாளர், பாப்டிஸ்ட் போதகர். அவருடைய 1907ஆம் ஆண்டு நூல் தம்மை ஆழமாகப் பாதித்ததாக மார்ட்டின் லூதர் கிங் எழுதியிருக்கிறார். கிங்கும் பாப்டிஸ்ட் போதகர்தான்.

ஒங்கோல் சபையின் குறைகளும் பேசப்படவேண்டியவை. ஆந்திரக் கடற்கரையில் பாப்டிஸ்ட் என்றால் மாதிகர், லுத்தரன் என்றால் மாலர் என்று பல இடங்களில் சபைப்பெயரே சாதிப்பெயரானது. பந்தியில் கலந்தவர்கள் திருமணத்தில் கலக்கவில்லை. நிலம் கைமாறவில்லை. அன்றைய பிரகாசம் மாவட்டத்தின் காரம்சேடுவில் 1985 சூலை 17ஆம் நாள் ஆறு மாதிகர் கொல்லப்பட்டார்கள். சேரியின் குடிநீர்க் குளத்தை ஆதிக்கசாதியார் அழுக்காக்கியதைத் தட்டிக்கேட்டதிலிருந்து மூண்டது அது. குண்ட்லகம்மா நடந்து 107 ஆண்டுகள் கழித்தும், தண்ணீர்தான்.

1950க்குப் பிறகு

1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது திருத்தப்பட்டது. கிறித்தவருக்கும் முஸ்லிமுக்கும் திருத்தப்படவில்லை. 1985இல் சூசை என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், மதம் மாறிய பின்னும் அதே அளவு இழிவு தொடர்கிறது என்பது நிறுவப்படவில்லை என்று சொல்லித் தள்ளுபடி செய்தது. 2007இல் அரசிடம் அளிக்கப்பட்ட ரங்கநாத் மிஸ்ரா ஆணைய அறிக்கை மதத்தை அளவுகோலாக வைக்கக்கூடாது என்று பரிந்துரைத்தது. அது அறிக்கையாகவே இருக்கிறது.

இதன் விளைவை எண்ணிப்பாருங்கள். ஆந்திரத்தில் கிறித்தவரான பட்டியல் சாதியினர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சி பிரிவில், ஒரு விழுக்காட்டுக்குள் வருகிறார்கள். அதனால் ஞாயிறு காலையில் ஆலயத்துக்குப் போகும் குடும்பம் சான்றிதழில் இந்துவாக இருக்கிறது. பிள்ளைக்கு ஒரு பெயர் ஆலயத்தில், ஒரு பெயர் பள்ளியில். தன் பெயரைச் சொல்லி ஆற்றில் இறங்கிய தாத்தாவின் பேரன், அந்தப் பெயரை அலுவலகத்தில் மறைக்கவேண்டியிருக்கிறது. இதை ஏமாற்று என்று பேசுபவர்கள், வன்முறை சேரிக்குள் நுழையும்போது வேதாகமத்தையோ விக்கிரகத்தையோ பார்த்துத் தரம் பிரித்ததில்லை என்பதைப் பேசுவதில்லை.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறோம். நம் ஊர்களில் சேரியை ஒட்டிய பழைய ஆலயங்கள் பலவற்றில் திருமுழுக்குப் பதிவேடுகள் இருக்கின்றன. பெயர், தகப்பன் பெயர், ஊர், நாள். வருவாய்த்துறையின் ஆவணத்தில் தலைக்கணக்காக மட்டும் இருந்த மனிதர்கள் அங்கே பெயரோடு இருக்கிறார்கள். கரையான் அரிக்குமுன் போதகரின் அனுமதியோடு அவற்றைப் படியெடுங்கள். எந்த ஆண்டில் எந்தச் சேரியிலிருந்து எத்தனைபேர் வந்தார்கள், அந்த ஆண்டில் அந்த ஊரில் நடந்த வழக்கு என்ன, பஞ்சம் என்ன, கூலித்தகராறு என்ன என்று பக்கத்தில் எழுதுங்கள். மூத்தவர்கள் இருந்தால் கேளுங்கள். முதலில் வந்தவர் யார், அவரை அழைத்துவந்தவர் யார், அதற்காக ஊர் அவர்களுக்குக் கொடுத்த தண்டனை என்ன என்று கேளுங்கள். ஒங்கோலின் பேரய்யாவைப் போல ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒருவர் நடந்திருப்பார். அவர் பெயரைக் கண்டெடுத்து அடுத்த ஆண்டு இந்த அரங்கில் வாசிப்போம்.